பூட்டுத் தெரியாத அலமாரி

குணேஸ்வரிக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மேல்மாடியில் இரண்டு மேசையும் ஒரு மோடமும் போட்டு நாங்கள் கம்பெனி நடத்தினோம் என்றால், அவளுடைய அந்தப் பிடிவாதத்தை முதலாகப் போட்டுத்தான் நடத்தினோம். புரோகிராம் எழுதுவது அவள். மிச்சமெல்லாம் மார்க்கிரட்டாகிய நான். டெலிபோன் எடுப்பது, கடிதம் அடிப்பது, வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது. அவளுக்குச் சிரிக்க வராது. வந்தாலும் தப்பான நேரத்தில் வரும்.

எங்கள் சரக்குக்கு 'அலமாரி' என்று பெயர் வைத்தோம். மலாய்க்காரர்களும் அதை அலமாரி என்றுதான் சொல்கிறார்கள், ஆகவே இரண்டு பக்கமும் விற்கலாம் என்பது என் யோசனை. படமோ பத்திரமோ எதுவாக இருந்தாலும் ஒரு கம்ப்யூட்டரில் அடுக்கி வைத்துவிடலாம். வேறு ஊரில் இருப்பவர் டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட்டில் வந்து, தன் பெயரையும் ரகசியச் சொல்லையும் தட்டி, தனக்கு உரிய இழுப்பறையைத் திறந்து பார்க்கலாம். இன்றைக்கு இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அன்றைக்குப் பாதிப் பேர் டிஸ்கெட்டை உறையில் போட்டு எக்ஸ்பிரஸ் பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரிங்கிட்டின் மதிப்பு விழுந்து ஊரே கையைப் பிசைந்துகொண்டிருந்த தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது.

குணேஸ்வரி அரசாங்க இலாகா ஒன்றில் கம்ப்யூட்டர் அதிகாரியாக இருந்தவள். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வெளியே வந்தாள். யாழ்ப்பாண வழிக் குடும்பம் அவர்களுடையது. அவள் அப்பா சிவசம்பு அங்கிள், அவருடைய அப்பா, சித்தப்பாமார், அத்தான்மார் எல்லோருமே அரசாங்க உத்தியோகம். அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் சாதகம் கணிக்கும் முன்பே பென்ஷன் கணக்குப் போட்டுவிடுவார்கள் என்று நான் கேலி செய்வதுண்டு. மகள் கடை போட்டிருக்கிறாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கந்தசுவாமி கோவிலில் யாராவது கேட்டால், "பிள்ளை லீவிலை நிக்கிறா" என்பார். அந்த லீவும் முடியப்போகிறது. மாதம் பிறக்கும் திங்கட்கிழமை வேலைக்கு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் ராஜினாமாக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று இலாகாவில் சொல்லிவிட்டார்கள்.

"கனி பாய் நம்ம அலமாரிய எடுத்துக்கிட்டா நான் ரிசைன் பண்ணிடுவேன் மார்க்கி. வேணாம்னு சொல்லிட்டார்னா திங்கக்கிழமை நான் ஆபீஸ்ல இருப்பேன்" என்றாள். "ஒரு தடவ திரும்பிப் போயிட்டா அப்புறம் நான் வெளிய வரவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும்.

அப்துல் கனி பாய் கிள்ளானில் சேலை மொத்த வியாபாரி. சூரத்திலிருந்து சரக்கு எடுத்து ஈப்போ, சிரம்பான், பினாங்கு என்று ஊர் ஊராகக் கடைகளுக்குக் கொடுப்பவர். முன்பெல்லாம் தானே இந்தியாவுக்குப் பறந்து, துணியைத் தொட்டுப் பார்த்து எடுத்து வருவார். பிறகு மாதிரிச் சேலைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு ஊராகப் போவார். ரிங்கிட் விழுந்த பிறகு அதெல்லாம் கட்டுப்படியாகவில்லை. சூரத்துக்காரர்கள் டிசைன்களை ஸ்கேன் செய்து அனுப்பட்டும், கடைக்காரர்கள் தங்கள் கடையிலிருந்தே பார்த்துத் தீபாவளிக்கு புக் பண்ணட்டும் என்று நினைத்தார். மாதக் கடைசி வரை சும்மா போட்டுப் பார்க்கிறேன், பிடித்தால் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு ஊரில் ஒரு டிசைன் ஒரு கடைக்குத்தான். எதிரெதிர்க் கடையில் ஒரே சேலை தொங்கினால் இரண்டு கடைக்காரர்களும் சேர்ந்து அவரைத்தான் திட்டுவார்கள். ஆகவே ஒருவருக்கு ஒதுக்கியதை இன்னொருவர் பார்க்கவே கூடாது.

"கல்லு மாதிரி பூட்டிடலாம் பாய்" என்றாள் குணேஸ்வரி.

பூட்டினாள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவள் பூட்டினால் பூட்டினதுதான். திரையில் ஓர் அலமாரி, அதில் வரிசையாக இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கடையின் பெயர். உங்களுடையது திறக்கும். மற்றவற்றின் மேல் சிவப்பு முத்திரையில் 'சுலிட்' என்று விழும். அரசாங்கக் கோப்பில் ரகசியம் என்று குத்துவார்களே, அந்த மலாய்ச் சொல்தான். அதை வைக்கச் சொன்னது சிவசம்பு அங்கிள். ஒரு சாயங்காலம் வீட்டில் அவருக்குக் காட்டியபோது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தவர், "சுலிட் எண்டு சிவப்பிலை அடிச்சுவிடு பிள்ளை. அப்பதான் ஆக்கள் தொடமாட்டினம்" என்றார். முப்பது வருஷம் இலாகாவின் கோப்பு அறையில் இருந்த மனிதர். மகள் செய்ததில் அவருக்குப் புரிந்த முதல் விஷயம் அது என்பதால் அவளும் ஆசையாகச் செய்தாள். எனக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

திறந்து வைத்த அன்று காலை முதல் போன் ஈப்போவிலிருந்து வந்தது. காத்தூன் பீவி. கணவர் போன பிறகு கடையைத் தனியாக நடத்திப் பெரிதாக்கிய அம்மாள். எங்கள் நம்பர் திரையில் கீழே இருந்ததால் எனக்கு அடித்துவிட்டார்.

"யாரும்மா நீ? கனி கடையா?"

"இல்ல ஆன்டி, நாங்க கம்ப்யூட்டர் செஞ்சவங்க."

"நல்லாச் செஞ்சீங்க! அவன் வாப்பா காலத்துலேர்ந்து நான் சரக்கு எடுக்குறேன். எனக்கு ஒரு பெட்டியைத் தொறந்து வச்சுட்டு மத்ததையெல்லாம் செவப்புல பூட்டிக் காட்டுறானா? அப்புடி என்னத்த ஒளிச்சு வச்சிருக்கான்? யாருக்கு வச்சிருக்கான்?"

"உங்களுக்கு வச்சதையும் மத்தவங்க பாக்க முடியாது ஆன்டி. அது சேஃப்டி."

"என்னைக் கள்ளின்னு சொல்றியா நீ?"

அதற்கு நான் சொன்ன பதில் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அடுத்து சிரம்பான் ரெங்கசாமி. சிரம்பானில் தனக்கு மட்டும்தான் சரக்கு என்று கனி பாய் இத்தனை வருஷமாக அவரிடம் சொல்லி வந்திருக்கிறார். திரையைத் திறந்தால் தெருவின் எதிர் வரிசைக் கடையின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, அதன் மேல் சிவப்பு முத்திரை. "அவனுக்கு என்னமோ ஸ்பெசலா குடுக்குறாரு, அதான் பூட்டி வச்சிருக்காரு" என்று கத்தினார். பினாங்கு கத்தியது. மத்தியானத்துக்குள் எனக்குக் காது சூடேறி, ரிசீவரைத் தொடவே பயமாகிவிட்டது.

கனி பாய் மட்டும் கத்தவில்லை. "ரெண்டு பேரும் வாங்க தங்கச்சி, டீ குடிக்கலாம்" என்றார். வியாபாரி டீ குடிக்கக் கூப்பிட்டால் நல்லதுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது கடையில் நல்ல கூட்டம். கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த அவருடைய அறையில் உட்கார்ந்தோம். தேத்தாரே, நுரைக்க ஆற்றிய பால் டீ, வந்தது. குணேஸ்வரி அதைத் தொடாமலே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு படம்கூட வெளிய போகல பாய். யாரும் அடுத்தவங்க டிசைனைப் பாக்கல. நீங்க கேட்டது அதுதானே?"

"படம் போகல, சரி. ஆளுங்க போறாங்களே" என்றார் கனி பாய். "நான் கார்ல போனப்போ சாமானெல்லாம் பைபையா இருக்கும். எந்தக் கடைக்கு எந்தப் பைய எடுத்துட்டு இறங்கணும்னு எனக்குத் தெரியும். கடைக்காரர் என்ன நெனப்பாரு? கனி எல்லாத்தையும் கொண்டாந்து கொட்டிட்டான்னு நெனப்பாரு. நீங்க கார் டிக்கியத் தொறந்து காட்டி, இதுல ஒண்ணுதான் உனக்குன்னு சொல்லிட்டீங்க."

"அது உங்க வியாபாரப் பொய். அதை நான் எப்படி புரோகிராம்ல போடுறது?"

நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். பாய்க்குக் கோபம் வரவில்லை, அல்லது வந்ததைக் காட்டவில்லை. கம்ப்யூட்டர் நல்ல சாமான்தான், நமக்குத் தோதுப்படாது, திரும்பவும் காரையே எடுத்துக்கொள்கிறேன் என்றார். குணேஸ்வரியின் முகம் இறுகிவிட்டது. கொஞ்சம் டைம் கொடுங்கள் என்று நான்தான் கெஞ்சினேன். அவர் எழுந்துகொண்டே, "மாசக் கடைசி வரைக்கும் சொன்ன வாக்கு இருக்கு. செஞ்சு பாருங்க" என்றார்.

திரும்பும் ரயிலில் ஷா ஆலம் தாண்டும் வரை ஒரு பழைய பில்லின் பின்பக்கம் கட்டம் கட்டமாகப் போட்டு அடித்துக்கொண்டே வந்தாள். பிறகு, "பூட்டியிருக்குன்னே தெரியக்கூடாது மார்க்கி" என்றாள்.

"என்னது?"

"சிவப்பும் வேணாம், பூட்டும் வேணாம், பேரும் வேணாம். ஈப்போ ஆன்டி உள்ள வந்தா அவங்களுக்கு உள்ளது மட்டும்தான் அலமாரி. வேற இழுப்பறை இருக்குங்கறதே அவங்களுக்குத் தெரியாது."

"அப்போ நாம இவ்வளவு சேஃப்டி போட்டிருக்கோம்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது" என்றாள் எரிச்சலாக. அவளுக்கு அதுதான் வலித்தது. தான் கட்டிய பூட்டை ஊரார் பார்த்து மெச்ச வேண்டும் என்று அவளுக்கு ஆசை. யாருக்குத்தான் இருக்காது? ஆனால் ஒரு ஆசையை விட்டுவிட முடிவு செய்துவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து மாற்றி எழுதினாள். முத்திரையை எடுத்துவிட்டால் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அவள் அதைவிடத் தூரம் யோசித்திருந்தாள். சேலைகளுக்கு எண் போட்டிருந்தோம். ஈப்போவில் நாலு, ஒன்பது, பதினேழு என்று தெரிந்தால் நடுவில் உள்ளதெல்லாம் எங்கே என்று காத்தூன் பீவி கேட்காமல் விடுவாரா? ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒன்றிலிருந்து இடைவெளியில்லாமல் எண் வரும்படி செய்தாள். ஈப்போவின் ஐந்தாம் நம்பர் மயில் பச்சை, சிரம்பானின் ஐந்தாம் நம்பர் வெங்காயத் தோல் நிறம். எது எதுவென்று அலமாரிக்குத் தெரியும், ஆட்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மேலே பெரிதாக அந்தந்தக் கடையின் பெயரையே போட்டாள். கடைக்காரர் உள்ளே நுழைந்ததும் இது முழுக்கத் தனக்காகவே கட்டியது என்றுதான் நினைப்பார்.

சிவசம்பு அங்கிளிடம் முத்திரை போன கதையைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. "சுலிட் இல்லாட்டில் அதுக்கு என்ன மரியாதை?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் தடவை திறந்து வைத்த அன்று காலையிலேயே காத்தூன் பீவி கூப்பிட்டுவிட்டார். நான் மனசுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டுதான் ரிசீவரை எடுத்தேன்.

"ஏம்மா, இப்பத்தான் கனிக்குப் புத்தி வந்திருக்கு. எல்லாத்தையும் தொறந்து காட்டிட்டான்" என்றார். "அந்த அஞ்சாம் நம்பரை எனக்கு எழுதிக்க. வேற யாருக்கும் குடுத்துறாதீங்க."

ரெங்கசாமியும் புக் பண்ணினார். அவருடைய எதிர் வரிசைக்காரரும் புக் பண்ணினார். ஒருவர் சேலை ஒருவர் கண்ணில் படவில்லை. எதிர்க் கடைப் பெயர் எப்படி வந்தது என்று ரெங்கசாமி கேட்டதற்கு, அது கம்ப்யூட்டர் கோளாறு என்று கனி பாய் சொன்னாராம். பழி எங்கள் தலையில் விழுந்ததைப் பற்றிக் குணேஸ்வரி கொஞ்சம் பொருமினாள். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. மேசையில் குதித்து ஆடலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கனி பாய் எங்களைத் திரும்பவும் வரச் சொன்னார். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தினார்.

"இந்த அலமாரியில எல்லார் பொட்டியையும் பாக்குற ஆளு யாரு தங்கச்சி?"

"நீங்கதான் பாய்."

"அப்புறம்?"

குணேஸ்வரி கொஞ்சம் தயங்கி, "நான்" என்றாள்.

"ம். யாருக்கு எதைக் குடுக்குறேன், யாருக்குக் குறைச்சுக் குடுக்குறேன், எல்லாம் உங்களுக்குத் தெரியும். என் சொந்தத் தம்பிக்கே பாதிதான் தெரியும். எங்க தொழில்ல எல்லாத்தையும் பாக்குற ஆளு வீட்டு ஆளா இருக்கணும்." அவர் குரலில் மிரட்டல் இல்லை. நிஜமாகவே அவருக்கு அது ராத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. "அதனால ஒண்ணு சொல்றேன். ரெண்டு பேரும் இங்கயே வந்துருங்க. மேல ரூம் குடுக்குறேன், நல்ல சம்பளம் குடுக்குறேன். வேற யாருக்கும் இதைச் செய்யக்கூடாது. அது ஒத்து வராதுன்னா இத்தோட விட்டுருவோம்."

நான் உள்ளுக்குள் சரி என்றே சொல்லிவிட்டேன். அந்த வருஷத்தில் சம்பளத்தோடு வேலை வீடு தேடி வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

குணேஸ்வரி எழுந்துவிட்டாள். "சம்பளத்துக்கு உக்காரணும்னா எனக்கு ஏற்கனவே ஒரு நாற்காலி இருக்கு பாய். நாளைக்கு மத்தியானம் வரேன். நானும் பாக்க முடியாதபடி செஞ்சு கொண்டாறேன்."

ரயிலில் ஏறியதும் நான் அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். "உனக்கு மண்டை கழண்டு போச்சா? அவர் கடையில ஏதாவது ரிப்பேர்னா உள்ள பாக்காம எப்படிச் சரி பண்ணுவ?"

"கதவு இறுகிப்போனா தச்சன் கதவைச் சரி பண்ணுவான். அலமாரியில இருக்குற நகையை எடுத்துப் பாத்துட்டா சரி பண்றான்?"

"இது நீ செஞ்ச சாமான்டி! உன்னையே வெளிய தள்ளிக்கிறியா?"

"இன்னிக்கு அவர் கேக்குறாரு. நாளைக்கு வக்கீல் கேப்பாரு, டாக்டர் கேப்பாரு. எல்லார் கடையிலயும் போய் நான் வீட்டு ஆளா உக்கார முடியுமா லா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் சொல்வது சரியாக இருக்கும்போது எனக்கு அவள்மேல் வரும் கோபம் தனி ரகம்.

சனிக்கிழமை கனி பாய் மத்தியானத் தொழுகையான லுஹரை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். குணேஸ்வரி அவருடைய கம்ப்யூட்டரில் தன் டிஸ்கெட்டைப் போட்டாள். ஒரு ரகசியச் சொல்லைத் தட்டச் சொல்லிவிட்டு, எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். என்னையும் திரும்பி நிற்க வைத்தாள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையில் தண்டனை வாங்கிய பிள்ளைகளைப் போல நிற்பதைக் கண்ணாடித் தடுப்பு வழியாகக் கடையே வேடிக்கை பார்த்தது.

"இனி படமெல்லாம் உங்க சொல்லாலதான் பூட்டி இருக்கும். கடைக்காரங்களுக்கு வேண்டிய சாவியும் அதிலேர்ந்துதான் போகும்" என்றாள். "நான் மெஷினையே தூக்கிட்டுப் போனாலும் உள்ள இருக்கறது எனக்கு வெறும் குப்பைதான்."

"நான் மறந்துட்டேன்னா?"

"போச்சு. நான் வந்தாலும் தொறக்க முடியாது. அழுதாலும் தொறக்க முடியாது. மறக்காதீங்க."

அவர் நம்பவில்லை. வியாபாரி சொல்லை நம்பமாட்டார், துணியை இழுத்துப் பார்ப்பார். அவளையே உள்ளே போகச் சொன்னார். குணேஸ்வரி தன் பெயரையும் தன் சொல்லையும் தட்டினாள். திரையின் மேலே அவள் பெயர் வந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. வெள்ளையாக, துடைத்து வைத்த தட்டுப் போல இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வேற வழியாப் போங்க" என்றார். அவளுக்குத் தெரிந்த வழியெல்லாம் போனாள். இரண்டு கிளாஸ் தேத்தாரே ஆறும் வரை முயன்றாள். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே தன் பூட்டை உடைக்கப் பார்த்தாள், எனக்கு அவள் விரல்களைப் பார்த்தாலே தெரியும். திறக்கவில்லை.

கனி பாய் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து அவளையே பார்த்தார். "எதுத்த கடைக்காரனும் ஒரு நாள் உங்களத் தேடி வருவான். அவனுக்கும் போட்டுக் குடுங்க" என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்தார். குணேஸ்வரி சிரித்தாள். முதன்முதலாகச் சரியான நேரத்தில் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேசைமேல் வைத்திருந்தாள். சிவசம்பு அங்கிள் எதிரில் உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் நான் சொன்னேன், கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப, உனக்கு அந்த அலமாரியிலை என்ன அதிகாரம் இருக்கு?"

"ஒண்டும் இல்லை அப்பா."

"நீதானே செய்தனி?"

"ஓம், நான்தான் செய்தனான். எனக்கு அது திறக்காது. அதைத்தான் நான் விக்கிறன்."

கோப்பு அறையில் அவர் ஏறிய ஒவ்வொரு படியும், இன்னும் ஒரு வகைக் கோப்பைத் திறந்து பார்க்கலாம் என்ற உரிமையோடு வந்த படி. அந்த மனிதரிடம் போய் இதைச் சொல்கிறாளே என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் அவர் படிக்காமல் விட்டதில்லை. மின்சார பில்லிலிருந்து நான் அங்கே மறந்து வைத்துவிட்டுப் போன என் அக்காவின் போஸ்ட்கார்டு வரை எல்லாவற்றையும் படித்து, பிழைகூடத் திருத்தி வைப்பார். இப்போது கடிதத்தைக் கையில் எடுத்தார். எழுத்து உள்பக்கம் போகும்படி மூன்றாக மடித்தார். உறைக்குள் போட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"படிச்சுப் பாக்கேல்லையே அப்பா?" என்றாள் குணேஸ்வரி.

"நீ எழுதினது. நான் ஏன் பாக்கவேணும்?" என்றார்.